வெப்சைட்டை மாற்றினார்கள், மெயில் காணாமல் போனது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவில் வடசேரியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்டர், லேப்டாப், சிசிடிவி, பில்லிங் சாஃப்ட்வேர் என்று கைக்கு வரும் வேலையெல்லாம் பார்ப்பவன். கொஞ்ச காலமாக ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. தக்கலையிலிருந்து வருகிறது, மார்த்தாண்டத்திலிருந்து வருகிறது, குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்பவரிடமிருந்தும் வருகிறது. "கம்பெனி பேர்ல இருக்கிற மெயில் வரல்ல", இல்லையென்றால் "நாங்க அனுப்புறது ஸ்பேமுக்குப் போகுது". இதற்கான விளக்கம் இணையத்தில் ஏராளமாகக் கிடக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். காலையில் உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் வாசிக்கிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஈத்தாமொழி பக்கம் தும்பில் கால்மிதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறிய யூனிட் ஒன்று இருக்கிறது. கணவர் தொடங்கியது, அவர் காலமான பிறகு அந்த அக்காவே எடுத்து நடத்துகிறார், பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து போன். "தம்பி, ஜெர்மனிக்காரன் பதினோரு நாளா பதிலே போட மாட்டேங்கான். ரேட்டு கூட்டிச் சொன்னதுல கோவமாக்கும்னு நெனச்சு நானும் சும்மா இருந்தேன். இப்போ தூத்துக்குடியில கப்பல் ஏஜெண்டும் ரெண்டு மெயில் அனுப்பினேன்னு சொல்லுகான், எனக்கு ஒண்ணுமே வரல்ல."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். என்னுடைய ஜிமெயிலில் இருந்து அவருடைய கம்பெனி முகவரிக்கு ஒரு சோதனை மெயில் போட்டேன். வரவில்லை. திரும்பியும் வரவில்லை. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் ஒரு மெயில் போய்ச் சேராமல் திரும்பி வந்தால் அதிலேயே ஒரு எண்ணும் ஒரு வரி காரணமும் எழுதியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பாதி வேலையை முடித்துவிடலாம். திரும்பவும் வராமல் சேரவும் இல்லையென்றால் யாரோ அதை வாங்கி எங்கேயோ வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவருடைய கம்ப்யூட்டரிலேயே கறுப்பு கமாண்ட் திரையைத் திறந்து, என்எஸ்லுக்அப் என்று தட்டி, எம்எக்ஸ் ரெக்கார்டு, அதாவது இந்தக் கம்பெனியின் மெயிலை எந்த சர்வரிடம் கொடுக்க வேண்டும் என்ற பதிவு, என்ன என்று கேட்டேன். விண்டோஸ் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் இது இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம். பதில் ஒரே வரியில் வந்தது: முன்னுரிமை எண் 0, மெயில் சர்வர் என்ற இடத்தில் அவருடைய டொமைன் பெயரே, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரே. அவருடைய மெயில் பெட்டிகளோ வேறொரு மெயில் நிறுவனத்தில் இருக்கின்றன, மாதாமாதம் அதற்குப் பணம் கட்டுகிறார். அந்த நிறுவனத்தின் பெயர் அந்த வரியில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அக்கா, வெப்சைட்ல ஏதாவது வேலை நடந்துச்சா?" என்று கேட்டேன். "ஆமா தம்பி, ரெண்டு வாரம் முன்னாடி ஒரு பையன் புதுசாச் செஞ்சு தந்தான். நல்லாத்தான் இருக்கு." நல்லாத்தான் இருந்தது. தென்னந்தோப்பு, தும்பு, கால்மிதி பின்னும் பெண்களின் கை எல்லாம் அழகாகப் படம் பிடித்துப் போட்டிருந்தார்.

என்ன நடந்தது என்று புரிய டிஎன்எஸ் என்பது என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இணையத்தில் பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணை, அதாவது சர்வரின் முகவரி எண்ணை, எடுத்துத் தரும் பெரிய பதிவேடு அது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. ஒவ்வொரு டொமைனுக்கும் அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்பது அதில் ஒரு வரி, மெயிலை எந்த சர்வரிடம் கொடுக்க வேண்டும் என்பது வேறு வரி. இந்த இரண்டாவதுதான் எம்எக்ஸ். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வீடு ஈத்தாமொழியில் இருக்கலாம், தபாலை நாகர்கோவில் தலைமைத் தபால் நிலையத்தில் பெட்டி எடுத்து அங்கே வாங்கிக்கொள்ளலாம், அது மாதிரிதான். அந்தப் பக்கம் முழுவதும் யாரிடம் இருக்கிறது என்று சொல்வதுதான் நேம்சர்வர்.

அந்தப் பையன் புதிய ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டை வைக்க வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இடம், வாங்கினார். வெப்சைட்டை அங்கே கொண்டுபோக இரண்டு வழி இருந்தது. பழைய பதிவேட்டுப் பக்கத்தில் வெப்சைட்டுக்கான அந்த ஒற்றை வரியை மட்டும் மாற்றியிருக்கலாம். அவர் நேம்சர்வரையே மாற்றிவிட்டார், ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பக்கம் அப்படித்தான் செய்யச் சொல்கிறது. அதோடு பழைய பக்கம் முழுக்கச் செல்லாததாகிவிட்டது. புதிய இடத்தில் சிபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாக சாஃப்ட்வேர் தானாகவே ஒரு பக்கத்தை எழுதி வைத்திருந்தது, அதில் எம்எக்ஸ் அந்த ஹோஸ்டிங் சர்வரையே காட்டியது. வெப்சைட் திறந்தது, அழகாக வந்தது, வேலை முடிந்தது என்று அவர் பணம் வாங்கிக்கொண்டு போனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். போன் செய்து பேசினேன், நல்ல பையன், பதறிப்போனார். வெப்சைட் கற்றுக்கொடுக்கிற இடத்தில் அவருக்கு யாரும் மெயில் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில் இன்னொன்று இருக்கிறது. மாற்றிய அன்றே எல்லா மெயிலும் நின்றிருந்தால் அக்கா மறுநாளே கண்டுபிடித்திருப்பார். நிற்கவில்லை. டாட் காம் டொமைன்களில் நேம்சர்வர் விவரத்தை மற்ற சர்வர்கள் 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள் வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இதைத்தான் டிடிஎல் என்கிறார்கள். அதனால் முதல் இரண்டு நாள் சில மெயில் பழைய இடத்துக்கு வந்தன, சில புதிய இடத்துக்குப் போயின, மெல்ல மெல்ல ஓய்ந்தது. குழாயில் தண்ணீர் நூலாகி நிற்கிற மாதிரி நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, வியாபாரம் மந்தம் என்றே நினைத்திருக்கிறார்.

சரி, போன மெயில் எங்கே? புதிய ஹோஸ்டிங்கில் அந்த மெயில் முகவரிகள் எதுவும் உண்டாக்கப்படவில்லை, ஆனால் அந்த சர்வரில் முகவரி தெரியாத மெயிலையெல்லாம் முதன்மைக் கணக்கின் பெட்டியில் போட்டுவிடும்படி அமைப்பு இருந்தது. அந்தப் பெட்டி இருப்பதே யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டு வாங்கித் திறந்து பார்த்தேன். 43 மெயில், ஒன்றுகூடப் படிக்கப்படாமல். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். ஜெர்மனிக்காரருடையது மட்டும் மூன்று. முதலாவதில் கூட்டிச் சொன்ன ரேட்டுக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தார், கோபமே இல்லை. இரண்டாவதில், முந்தையது கிடைத்ததா என்று கேட்டிருந்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்தது: பதில் இல்லாததால் பாதி ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம், மீதியையாவது செய்ய முடியுமா. அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மீதிய செய்வோம்னு இப்பவே எழுது தம்பி" என்றார். என் ஜிமெயிலில் இருந்துதான் அந்தப் பதில் போனது.

எம்எக்ஸை மாற்றியது ஐந்து நிமிட வேலை. அந்த சிபேனல் எழுதி வைத்திருந்த டிடிஎல் 14,400 விநாடி, அதாவது நான்கு மணி நேரம். சாயங்காலத்துக்குள் மெயில் வரத் தொடங்கியது. ஆனால் வெப்சைட்டில் உள்ள "எங்களைத் தொடர்புகொள்ள" படிவத்தில் எழுதிய மெயில் மட்டும் வரவில்லை. இந்த இடத்தில் அனுபவம் உள்ளவர்களே தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். வெளி உலகத்துக்கு எம்எக்ஸ் மாறிவிட்டது, ஆனால் அந்த ஹோஸ்டிங் சர்வர் இந்த டொமைனின் மெயில் தன்னிடம்தான் என்று இன்னும் நினைத்துக்கொண்டு, வெளியே கேட்காமல் தன் பெட்டியிலேயே போட்டுக்கொண்டிருந்தது. சிபேனலில் ஈமெயில் ரூட்டிங் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் லோக்கல் என்றிருந்ததை ரிமோட் என்று மாற்றியதும் சரியானது.

வருவது இத்தோடு முடிந்தது, அடுத்தது போவது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் கெடுபிடியாகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயில் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று, மெயில் உண்மையிலேயே நம்முடையதுதானா என்று சரிபார்க்க உதவும் மூன்றும் வைத்திருக்க வேண்டும். நாம் அவ்வளவு அனுப்புவதில்லை, உண்மைதான், ஆனால் பத்து மெயில் அனுப்புகிறவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது கூகுள். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக் முகவரிகளுக்கு அதே 5,000 கணக்கில் இதைக் கொண்டுவந்தது. முன்னால் இல்லாமலே ஓடியதே என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எஸ்பிஎஃப் என்பது நம் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் ஒரு வரி. ஒரு வரி என்றால் ஒரே வரிதான். சிபேனல் தானாக ஒரு எஸ்பிஎஃப் எழுதி வைத்திருந்தது. நான் போனில் சொன்னதைக் கேட்டு அந்தப் பையன் மெயில் நிறுவனம் கொடுத்த எஸ்பிஎஃபை அதன் கீழே இரண்டாவதாகச் சேர்த்துவிட்டார். இரண்டு இருந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். விதி அப்படியில்லை, ஒன்றுக்கு மேல் இருந்தால் பெறுகிற சர்வர் அதை நிரந்தரப் பிழை என்று எடுத்துக்கொள்ளும், இரண்டுமே வீண். இரண்டையும் கலந்து ஒன்றாக எழுத வேண்டும். அப்படிக் கலக்கும்போது கண்ட கண்ட சேவைகளையெல்லாம் இன்க்ளூட் போட்டு அடுக்கக்கூடாது, ஒரு எஸ்பிஎஃபைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் பத்து தடவைக்கு மேல் தேட வைத்தால் அதுவும் பிழைதான். நேரடியாக எழுதும் ஐபி எண்கள் இந்தப் பத்தில் சேராது.

டிகிம் இன்னும் நுணுக்கமானது. போகிற ஒவ்வொரு மெயிலிலும் மெயில் சர்வர் ஒரு ரகசியச் சாவியால் கையொப்பம் இடும், அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி நம் டிஎன்எஸ்ஸில் நீளமான எழுத்துக் கூட்டமாக இருக்கும். நேம்சர்வர் மாறியபோது அதுவும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மெயில் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து அக்காவின் மகள் அதை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், பையன் அதை அப்படியே ஒட்டினார், பார்த்தால் ஃபெயில். பக்கத்துப் பக்கமாக வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், நடுவில் ஒரு இடத்தில் வரி உடைந்து வாலும் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. 2,048 பிட் சாவி 255 எழுத்துக்கு மேல் வரும், டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டு 255 எழுத்தைத் தாண்டக்கூடாது, சில பேனல்கள் தாமாகவே துண்டாக்கிக்கொள்ளும், சிலவற்றில் நாம்தான் மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும். எதுவானாலும் சாவியை வாட்ஸ்அப் வழியாக எடுத்து ஒட்டாதீர்கள், மெயில் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து நேராக எடுத்து ஒட்டுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது எளிது. கம்பெனி மெயிலிலிருந்து ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, கம்ப்யூட்டரில் அந்த ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, ஷோ ஒரிஜினல் என்பதைத் தொட்டால் மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று வரிசையாகப் பாஸா ஃபெயிலா என்று காட்டும். அக்காவின் திரையில் மூன்றும் பாஸ் என்று வந்தபோது மணி இரவு எட்டரை, பின்னுகிற பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

டிமார்க் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், இது பணத்தோடு சம்பந்தப்பட்டது. நம் டொமைன் பெயரைப் போட்டு வேறு யாரோ நம் வாடிக்கையாளருக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று இன்வாய்ஸ் அனுப்பும் மோசடி பரவலாக நடக்கிறது. எஸ்பிஎஃபும் டிகிமும் தேறாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுகிறவர்களுக்குச் சொல்வதுதான் டிமார்க். முதலில் நன் (none), அதாவது ஒன்றும் செய்ய வேண்டாம் என்று வைத்து அறிக்கைகளை வாங்க வேண்டும், நம் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்புகிறது என்று அதில் தெரியும். பில்லிங் சாஃப்ட்வேர் தானாக அனுப்பும் இன்வாய்ஸ் மாதிரி மறந்துபோனவையெல்லாம் அங்கேதான் தலைகாட்டும். அவற்றைச் சரிசெய்த பிறகு குவாரன்டைன், அதாவது ஸ்பேமில் ஒதுக்கு என்று; கடைசியில் ரிஜெக்ட், அதாவது வாங்காதே என்று. எடுத்த எடுப்பில் ரிஜெக்ட் போட்டால் நம் இன்வாய்ஸே திரும்பும். நன் என்பதிலேயே வருடக்கணக்கில் விட்டுவிட்டால் மோசடிக்காரனை அது தடுக்காது. நம் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி வேறு டொமைன் வாங்கி அனுப்பினாலும் டிமார்க் தடுக்காது, அதற்கு வாடிக்கையாளரிடம் போனில் பேசி உறுதிசெய்வதுதான் வழி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்.

கருங்கல் பக்கம் முந்திரி வியாபாரி ஒருவர் அலுவலகத்திலேயே சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிறார். அவருக்கு ஜிமெயிலிலிருந்து 5.7.25 என்ற எண்ணோடு மெயில் திரும்பியது. பிடிஆர் இல்லை என்று அர்த்தம். பெயரிலிருந்து எண்ணுக்குப் போவது போல எண்ணிலிருந்து பெயருக்கு வரும் வழி அது. டொமைன் விற்றவரிடம் மூன்று வாரம் கேட்டுக்கொண்டிருந்தார், அவர்களால் அதைத் தர முடியாது, ஐபி எண் யாருடையதோ அவர்கள்தான், இவர் விஷயத்தில் பிராட்பேண்ட் கொடுத்தவர்கள்தான் போட்டுத்தர முடியும். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று வாரம் போயிருக்காது.

இதையெல்லாம் எல்லா வியாபாரியும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேங்காய் விலையையும் கூலியையும் பார்க்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, அதன் டிஎன்எஸ் பக்கத்தின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இரண்டுமே தெரியாது. வெப்சைட் செய்தவர் தன் பெயரில், தன் மெயில் முகவரியில் வாங்கிக் கொடுத்திருப்பார். அவர் வேலை கிடைத்து துபாய்க்குப் போயிருப்பார், வாட்ஸ்அப் எண் மாறியிருக்கும், டொமைன் புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவிப்பு அவருடைய பழைய பெட்டியில் குவிந்துகொண்டிருக்கும். நிலத்துக்குப் பத்திரம் பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் இருக்க நாம் சம்மதிப்போமா? நூறு பேருக்குத் தெரிந்த கம்பெனிப் பெயருக்கு மட்டும் ஏன் சம்மதிக்கிறோம்? பதிவில் கொடுக்கும் தொடர்பு மெயிலும் அந்த டொமைனிலேயே இருக்கக்கூடாது, ஜிமெயில் மாதிரி வெளியே ஒன்று இருக்கட்டும், டொமைன் முடங்கினால் அதை மீட்கிற கடிதம் வர ஒரு வழி வேண்டும்.

இன்னொன்று, வெப்சைட் வேலையைக் கையில் கொடுக்கும் முன், டிஎன்எஸ் பக்கத்தில் உள்ள எல்லா வரியையும் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். வேலை செய்கிறவரிடம் "நேம்சர்வரை மாற்றுவீங்களா, மாற்றினா இந்த வரியெல்லாம் அங்க ஏறுமா" என்று கேளுங்கள். மாற்றத்துக்கு முந்தைய நாளே எம்எக்ஸின் டிடிஎல்லை 300 விநாடிக்குக் குறைக்கச் சொல்லுங்கள். தவறு நடந்தாலும் ஐந்து நிமிடத்தில் திருத்தம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். ஆனால் இது வரிகளை மாற்றும்போதுதான் உதவும், நேம்சர்வரையே மாற்றினால் அந்த இரண்டு நாள் கணக்கு நம் கையில் இல்லை. அதனால்தான் வெப்சைட் வரியை மட்டும் மாற்றச் சொல்வது என் பழக்கம். மாற்றிய பின் வெப்சைட் திறக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், வெளியே இருந்து ஒரு மெயில் வருகிறதா, இங்கிருந்து ஒரு மெயில் போகிறதா என்று பார்த்துவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.

மாவட்டத் தொழில் மையம் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. அதில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். நம் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு எம்எக்ஸ் என்றால் என்ன என்று தேர்வில் எழுதத் தெரியும், ஒரு உண்மையான டொமைனில் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு, அவர்களைப் பக்கத்திலுள்ள சிறுதொழில்களுக்கு அனுப்பி இந்த பிரிண்ட் எடுக்கும் வேலையைச் செய்ய வைத்தால் இரண்டு பக்கமும் லாபம். உங்கள் பத்திரிகையும் வாரத்தில் ஒரு நாள் கால் பக்கம் கொடுத்தால் தமிழில் எழுதித்தர என்னைப் போல இந்த மாவட்டத்தில் பலர் இருக்கிறோம், பணம் எதுவும் வேண்டாம்.

ஈத்தாமொழி அக்காவின் டொமைனை இப்போது அவர் பெயருக்கே மாற்றியாகிவிட்டது. டிஎன்எஸ் பிரிண்ட் இரண்டு தாள் வந்தது, அதைக் கரண்ட் பில், ஜிஎஸ்டி சான்றிதழ் இருக்கிற அதே பச்சை ஃபைலில் வைத்திருக்கிறார். டிமார்க் இன்னும் நன் என்பதில்தான் இருக்கிறது, பில்லிங் சாஃப்ட்வேரின் மெயில் டிகிமில் தேறவில்லை, அதைச் சரிசெய்ய வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
வடசேரி, நாகர்கோவில்.